தொட்டிக் காய்கறி வாடுது, கருகுது, பூ கொட்டுது: வெயிலும் காற்றும் கடுமையான இடத்தில் பிழை நீக்கும் வழிமுறை

சூடான காற்று வீசும் இடத்தில் தொட்டிச் செடி முகம் சுளித்தால், முதலில் கை போவது உரப் பொட்டலத்துக்கு. அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் கோளாறு பெரும்பாலும் மூன்றில் ஒன்று: ஊற்றிய தண்ணீர் வேருக்குப் போய்ச் சேரவில்லை, தொட்டிச் சுவர் சூடாகி வேர் வேகிறது, வேர் கொடுக்கும் வேகத்தைவிட வேகமாகக் காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. இந்த மூன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் உரம், மருந்து எல்லாம்.

அடுத்து வரும் பொதுச் சோதனைகளை முடித்துவிட்டு, உங்கள் செடியில் தெரியும் அறிகுறியின் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது பின்னால்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

காலை 7 மணிக்குள் செடியைப் பாருங்கள். மத்தியானம் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உச்சி வெயிலில் எல்லாச் செடியும் நோயாளி மாதிரிதான் தெரியும்.

விரலை 5 செ.மீ. உள்ளே விடுங்கள். மேல்மண் காற்றில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அதை நம்ப வேண்டாம். ஆழமான தொட்டிக்கு மூங்கில் குச்சியை அடிவரை செருகி, ஐந்து நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள். எந்த உயரம்வரை குச்சி கருத்து ஈரமாக இருக்கிறதோ, அதுவரைதான் ஈரம்.

தொட்டியைச் சாய்த்து எடை பாருங்கள். நன்றாகத் தண்ணீர் விட்ட மறுகணம் ஒரு முறை, மறுநாள் காலையில் ஒரு முறை. நான்கு நாளில் கை தானாக எடை சொல்லும்.

மாலை 3 மணிக்குத் தொட்டியின் மேற்குப் பக்கத்தைத் தொடுங்கள். கையை வைத்திருக்க முடியாவிட்டால் அந்தப் பக்கத்து வேர் பிழைத்திருக்காது. வெப்பமானி இருந்தால் சுவரிலிருந்து 5 செ.மீ. உள்ளே செருகுங்கள். 35 டிகிரிவரை சமாளிக்கும். 40-ஐத் தாண்டினால் நுனி வேர்கள் சாகத் தொடங்கும்.

## அறிகுறி: செடி வாடித் தொங்குகிறது

### மத்தியானம் வாடி, மாலையில் நிமிர்கிறது

நோய் இல்லை. பெரிய இலையுள்ள பூசணி, வெள்ளரி, கத்தரி எல்லாம் இப்படித்தான் வெயிலைக் கடத்தும். 5 செ.மீ. ஆழத்தில் ஈரம் இருந்தால் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். வாடுவதைப் பார்த்துப் பார்த்து ஊற்றினால் வேர் அழுகும். தினமும் 11 மணிக்கு முன்பே வாடத் தொடங்கினால் மட்டும், 35 முதல் 50 சதவீத நிழல்வலையைப் பிற்பகல் வெயில் விழும் பக்கம் கட்டுங்கள்.

### காலையிலும் வாடல், மண் காய்ந்திருக்கிறது

பூவாளியில் தண்ணீர் விட்டுவிட்டு அடித்துளையைக் கவனியுங்கள்.

*பத்து வினாடிக்குள் கீழே ஓடி வருகிறது.* தண்ணீர் மண்ணுக்குள் போகவே இல்லை. தென்னை நார்க்கழிவு அதிகமுள்ள கலவை ஒரு முறை முழுக்கக் காய்ந்தால் சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் வழிந்து போகும். மேலே இரண்டு செ.மீ. நனைந்திருக்கும், தோண்டினால் கீழே பொடியாகப் பறக்கும். தொட்டியை அகலமான பாத்திரத்தில் வைத்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். குமிழி வருவது நிற்கும்வரை, சுமார் 30 முதல் 45 நிமிடம் விடுங்கள். தூக்க முடியாத தொட்டி என்றால் சுவரோர இடுக்கை விரலால் அமுக்கி மூடிவிட்டு, பத்து நிமிட இடைவெளியில் மூன்று தடவையாக ஊற்றுங்கள். அதன் பிறகு 5 செ.மீ. கனத்துக்குக் காய்ந்த இலை, வைக்கோல் என்று மூடாக்குப் போட்டால் இந்தத் தொல்லை அநேகமாகத் திரும்பாது.

*நன்றாக ஊறுகிறது, ஆனால் அரை நாளில் காய்ந்துவிடுகிறது.* தொட்டி சிறியது, அல்லது வேர் நிரம்பிவிட்டது. அடித்துளையில் வேர் எட்டிப் பார்த்தால் இரண்டாவது. காற்று வாங்கும் இடத்தில் தக்காளி, கத்தரிக்கு 20 லிட்டர், வெண்டைக்கு 15, மிளகாய்க்கு 12, பந்தல் கொடிகளுக்கு 40 லிட்டருக்குக் குறையாமல் கொடுங்கள். காய் பிடித்த பெரிய தக்காளிச் செடி வெப்பக்காற்றில் ஒரே நாளில் 3 முதல் 4 லிட்டர் குடிக்கும். 8 லிட்டர் தொட்டியில் அதற்கு எத்தனை வேளை ஊற்றுவீர்கள்?

தண்ணீர் விடும் நேரம்: அதிகாலையில் முழு அளவு, அதாவது அடித்துளையில் கொஞ்சம் கசியும்வரை. போதாவிட்டால் மாலை 5 மணிக்குமேல் பாதி அளவு. வெயிலில் கிடந்த ஹோஸின் முதல் தண்ணீர் கையைச் சுடும் அளவுக்கு இருக்கும். குளிர்ந்த தண்ணீர் வரும்வரை வாளியில் பிடித்துவிட்டுப் பிறகு செடிக்குக் காட்டுங்கள்.

### காலையிலும் வாடல், மண் ஈரமாக இருக்கிறது

இதுதான் ஆபத்தான நிலை. தண்ணீரை உடனே நிறுத்திவிட்டு வரிசையாகப் பாருங்கள்.

1. அடித்துளை. கம்பியால் குத்திப் பாருங்கள். தொட்டி தரையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தால் துளை இருந்தும் பயனில்லை. இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடித்தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டுங்கள். அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் ஜல்லிக்கு மேலேயே ஈரம் தேங்கி நிற்கும், வேருக்கு இடம்தான் குறையும்.

2. வெந்த வேர். மேற்குச் சுவரோரம் கையளவு மண்ணைத் தோண்டுங்கள். வேர் பழுப்பாகி, பிடித்து இழுத்தால் தோல் உருவி உள்ளே நரம்பு மட்டும் மிஞ்சுகிறதா? கிழக்குப் பக்கம் வெள்ளையாக நன்றாக இருக்கிறதா? வெப்பம்தான். கருப்புத் தொட்டிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அல்லது வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள், இல்லாவிட்டால் நனைத்த சாக்கைச் சுற்றுங்கள். தொட்டிகளை நெருக்கி வைத்து, காலித் தொட்டி ஒன்றை மேற்கே நிறுத்தினால் நிழல் கிடைக்கும். ஒரு தொட்டியை அதைவிடப் பெரிய தொட்டிக்குள் இறக்கி வைப்பது இன்னும் நல்லது. இடையிலுள்ள காற்றுவெளி சூட்டைத் தடுக்கும். செடியில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து, பத்து நாள் நிழலில் வைத்தால் புது வேர் விடும்.

3. வேரில் முடிச்சு. மணிமணியாக வீங்கியிருந்தால் நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு. அவரை, பீன்ஸ், தட்டைப்பயறு வேரில் இயல்பாகவே முண்டுகள் இருக்கும். அவை நகத்தால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு வேரோடு சேர்ந்தே வீங்கியிருக்கும், உதிராது. அந்த மண்ணைக் காய்கறிக்குத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

4. பாக்டீரியா வாடல். தக்காளி, கத்தரி, மிளகாயில் இலை பச்சையாக இருக்கும்போதே இரண்டு மூன்று நாளில் மொத்தச் செடியும் தொங்கிவிடும். தண்டை அடியில் வெட்டி, ஒரு விரல் நீளத் துண்டைக் கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டுமுனை முங்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அதுவேதான். மருந்து கிடையாது. செடியையும் மண்ணையும் அப்புறப்படுத்துங்கள், தொட்டியையும் கத்தரிக்கோலையும் கழுவிக் கிருமி நீக்குங்கள்.

எப்போது ஆள் தேவை: ஒரே வாரத்தில் மூன்று தொட்டிக்குமேல் பால் நூல் சோதனையில் தேறாவிட்டால், அல்லது புது மண்ணிலும் நூற்புழு வந்தால், செடியை வேரோடு மண்ணோடு பையில் கட்டி வேளாண் அலுவலரிடமோ தாவர நோய்ச் சோதனைக்கூடத்திலோ காட்டுங்கள். காய்ந்த செடியைக் கொண்டுபோகாதீர்கள். அதை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

## அறிகுறி: இலை ஓரம் கருகுகிறது

முதல் கேள்வி, கருகல் எந்தப் பக்கம்?

### காற்று வரும் பக்கத்து இலைகள் மட்டும்

காற்றுக் கருகல். ஓரம் பழுப்பாகி, கிழிந்து, மறுபக்கத்து இலைகள் சுத்தமாக இருக்கும். உடனே எழும் யோசனை, பலகையோ தகரமோ வைத்து மறைப்பது. வேண்டாம். முழுக்க அடைத்த மறைப்பின் மேலேறும் காற்று, பின்னால் சுழன்று விழுந்து செடியை இன்னும் மோசமாக அடிக்கும். பாதிக்குப் பாதி காற்றை விடுகிற வலைதான் சரி. 50 சதவீத நிழல்வலையைச் செங்குத்தாகக் கட்டினாலே போதும். ஒரு மீட்டர் உயர வலை, பின்னால் ஐந்து மீட்டர் தூரம்வரை நன்றாகப் பாதுகாக்கும். அதற்குமேல் பலன் குறைந்துகொண்டே போகும்.

வலை கட்டும்வரை வரிசையை மாற்றுங்கள். காற்றுப் பக்கம் வெண்டை, அதற்குப் பின்னால் மிளகாய், கத்தரி, நடுவில் தக்காளி, கீரை. கருகிய இலைகளைக் கிள்ள வேண்டாம். பின்னால் உள்ளவற்றுக்கு அவை கவசம்.

### எல்லாப் பக்கமும், நுனியிலிருந்து உள்நோக்கி

உப்பு. தொட்டி விளிம்பிலோ மண் மேலோ வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், தண்ணீரோடு வந்த உப்பும் உரமும் தொட்டியிலேயே தங்கும். "கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்றுகிறேன்" என்பவர்களின் தொட்டியில்தான் இது அதிகம், ஏனென்றால் எதுவும் அடிவழியே கழுவிப் போவதில்லை.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று இருந்தால் ஊற்றும் தண்ணீரையும் அடியில் வடியும் தண்ணீரையும் அளந்து பாருங்கள். வடிவது இரண்டு மடங்குக்கு மேல் காட்டினால் கழுவ வேண்டும். 20 லிட்டர் தொட்டிக்கு 40 லிட்டர் தண்ணீரை மூன்று நான்கு தடவையாக, அதிகாலையில், முழுக்க வடியவிட்டு ஊற்றுங்கள். பிறகு இரண்டு வாரம் உரமே வேண்டாம். அடுத்து உரம் போடும்போது பாதி அளவு.

ஊற்றும் தண்ணீரே அந்த மீட்டரில் 450 பி.பி.எம்.முக்கு (லிட்டருக்கு 450 மி.கி.) கீழ் என்றால் கவலையில்லை. 2,000-ஐத் தாண்டினால் தொட்டிக் காய்கறிக்கு அது ஆகாது, மழைநீரோடு கலந்துதான் விட வேண்டும். இடைப்பட்ட தண்ணீரில் பீன்ஸ், வெங்காயம், முள்ளங்கி முதலில் முகம் சுளிக்கும், பீட்ரூட் தாங்கும். புது நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். கலப்பதற்கு முன் இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்து எடுக்காமல், அப்படியே போட்டதுதான் நாற்று நட்ட வாரமே ஓரம் கருகக் காரணம்.

எப்போது ஆள் தேவை: கழுவியும் மாதத்துக்குள் பொருக்கு திரும்பினால் தண்ணீரைச் சோதனைக்கூடத்தில் கொடுத்து சோடியம், குளோரைடு, பைகார்பனேட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். டி.டி.எஸ். மீட்டர் மொத்த அளவைச் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது.

### ஆங்காங்கே திட்டுத் திட்டாக, தெளித்த மறுநாள்

நீங்கள் தெளித்ததுதான் எரித்தது. எண்ணெய், சோப்பு, கந்தகம் எதையும் 32 டிகிரிக்கு மேலோ, வாடிய செடியிலோ தெளிக்கக் கூடாது.

## அறிகுறி: இலை சுருளுகிறது

*தக்காளியில் அடி இலைகள் நீளவாக்கில் மேல்நோக்கிக் குழாயாகச் சுருண்டு, தடித்து, ஆனால் பச்சையாக:* வெயிலுக்கும் காற்றுக்கும் செடி செய்யும் தற்காப்பு. விட்டுவிடுங்கள். பக்கக் கிளைகளை ஒரேயடியாகக் கிள்ளியிருந்தால் அதை நிறுத்துங்கள்.

*மிளகாயில் இலை ஓரம் மேல்நோக்கிப் படகு போல:* இலைப்பேன். *கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு:* மஞ்சள் சிலந்தி. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்காமல் மருந்து வாங்குவதால்தான் பாதி மருந்து வீணாகிறது. இலைப்பேனுக்கு, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் கரைவதற்கு 1 மி.லி. திரவ சோப்பும் கலந்து, சூரியன் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். மஞ்சள் சிலந்திக்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது, இலை கருகும். வெள்ளரி, பூசணிக் குடும்பத்துக்குக் கந்தகமே வேண்டாம்.

*நுனி இலைகள் சிறுத்து, மஞ்சள் ஓடி, செடி குட்டையாகி:* வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். குணமாகாது. பிடுங்குவதற்கு முன் செடியைப் பைக்குள் கவிழ்த்து மூடிவிட்டுப் பிடுங்குங்கள். இல்லாவிட்டால் ஈ பறந்து பக்கத்துத் தொட்டிக்குப் போய்விடும்.

## அறிகுறி: இலை வெளுக்கிறது, மஞ்சளாகிறது

ஊசிக் குத்து போல் வெண்புள்ளிகள். செஞ்சிலந்தி. சூடான, வறண்ட காற்றுக்கு இதைவிடப் பிடித்த பூச்சி இல்லை. வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து இரண்டு தட்டு தட்டுங்கள். விழுந்த தூசியில் சில நகர ஆரம்பிக்கும். விரலால் தேய்த்தால் தாளில் துருநிறக் கோடு விழும். அதிகாலையில் ஹோஸை அழுத்திப் பிடித்து, இலையின் அடிப்பக்கத்தை ஓங்கி அடித்துக் கழுவுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை, நான்கு தடவை. வெயிலில் முட்டையிலிருந்து தாய்ப்பூச்சியாக ஒரு வாரம் போதும் என்பதால் ஒரே தடவை கழுவிப் பயனில்லை. நூலாம்படை கட்டிய கிளையை வெட்டி எறியுங்கள். சாதாரணப் பூச்சிமருந்து அடித்தால் சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்து, சிலந்தி இரட்டிப்பாகும்.

அடி இலை முழுக்க மஞ்சள். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. தினமும் கழுவிவிடப்படும் தொட்டியில் இது சகஜம். 20 லிட்டர் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை.

நுனி இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்பு எடுக்க முடியவில்லை. முதலில் வடிகாலைப் பாருங்கள், ஈரம் தேங்கிய மண்ணிலும் இப்படித்தான் ஆகும். வடிகால் சரியென்றால் கடினநீர். கீலேட் இரும்பை (கடினநீரிலும் வேர் எடுக்கக்கூடிய வடிவில் உள்ள இரும்பு உரம்) பொட்டலத்தில் சொன்ன அளவில் விடுங்கள்.

அடி இலையில் நரம்புக்கு இடையே மஞ்சள். மக்னீசியம் குறைவு. எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், மாலையில் தெளித்து, பத்து நாள் கழித்து இன்னும் ஒரு முறை.

## அறிகுறி: பூ கொட்டுகிறது, பிஞ்சு நிற்கவில்லை

தக்காளியில் பகல் 35 டிகிரியையோ இரவு 24 டிகிரியையோ தாண்டினால் மகரந்தம் வீணாகும். பூ காம்பின் கணுவில் மஞ்சளாகி உதிரும். அந்த நாட்களில் பூ பிடிக்க வைக்கும் எந்தச் சொட்டு மருந்தையும் நம்பிப் பணம் போட வேண்டாம். செய்யக்கூடியது: பிற்பகல் நிழல், காலை 8 மணிக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுவது, தழைச்சத்து உரத்தை நிறுத்துவது. செடியை உயிரோடு வைத்திருந்தால் இரவு குளிர்ந்த வாரமே காய் பிடிக்கும். குட்டித் தக்காளி வகைகள் பெரிய தக்காளியைவிட நன்றாகத் தாங்கும்.

கொடிகளில் பூ நிற்கிறது, பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்குகிறது என்றால் மகரந்தம் சேரவில்லை. பலத்த காற்றில் தேனீ வராது. கையால்தான் சேர்க்க வேண்டும். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பூசணி, வெள்ளரி, பாகலுக்குக் காலை 6 முதல் 9. பீர்க்கும் சுரையும் மாலையில்தான் மலரும். அவற்றைக் காலையில் தேடிப்போய் "பூவே இல்லை" என்று திரும்பிவருவது வழக்கமான கூத்து. வெறும் ஆண் பூவாகவே வந்தால் பொறுங்கள். ஆண் முன்னால் வருவது இயல்பு, நீண்ட வெயில் நாட்கள் அதை இன்னும் நீட்டும்.

## அறிகுறி: காய் கெடுகிறது

*தக்காளி, குடைமிளகாயின் அடியில் கருத்த, அமுங்கிய வட்டம்.* சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை போகவில்லை. மண்ணில் அது இல்லாததால் அல்ல. ஒரு நாள் காய்ந்து, மறுநாள் குளமாவதால். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவது இந்தக் காய்க்கு எட்டாது, அது மட்கிக் கரைய மாதங்கள் ஆகும். கெட்ட காயைக் கிள்ளிவிட்டு, மூடாக்குப் போட்டு, தண்ணீரை ஒரே நேரம் ஒரே அளவாக்குங்கள். இரண்டு வாரத்தில் வரும் புதுக் காய் சுத்தமாக இருக்கும்.

*வெயில் படும் பக்கம் வெள்ளையாக, தாள் போல:* வெயில் சூடு. இலையை அதிகம் கிள்ளியதன் பலன்.

*வெடிப்பு:* காய்ந்த தொட்டிக்கு ஒரேயடியாக ஊற்றியது.

*வெள்ளரி கசப்பு:* சூடும் தாகமும். பெரிதாக விடாமல் இளசாகப் பறியுங்கள்.

## அறிகுறி: தொட்டி சாய்கிறது, தண்டு ஆடுகிறது

தண்டடியைக் குனிந்து பாருங்கள். காற்றில் ஆடி ஆடி, தண்டைச் சுற்றி மண்ணில் புனல் மாதிரி ஒரு குழி விழுந்திருக்கும். ஊற்றும் தண்ணீர் அந்தக் குழியில் நேராக இறங்கி வேர்க்கழுத்தை அழுகவைக்கும். 3 முதல் 5 செ.மீ. மண் அணைத்து, அமுக்கி, குச்சி கொடுங்கள். கட்டுவது நூலால் அல்ல, விரல் அகலத் துணியால், எட்டு வடிவத்தில். ஒரு வளையம் தண்டுக்கு, ஒன்று குச்சிக்கு.

குச்சி தொட்டிக்குள் மட்டும் ஊன்றியிருந்தால் செடியும் குச்சியும் சேர்ந்து பாய்மரமாகித் தொட்டியையே கவிழ்க்கும். குச்சியின் தலையைக் கைப்பிடிக் கம்பியிலோ சுவர் ஆணியிலோ கட்டுங்கள். தொட்டிகளை மூன்று மூன்றாகச் சேர்த்து விளிம்பைச் சுற்றிக் கயிறு போடுங்கள். உயரமான ஒல்லித் தொட்டியைவிட அகலமான குட்டைத் தொட்டி எப்போதும் மேல். கைப்பிடிச் சுவர் மேல் தொட்டியே வைக்காதீர்கள்.

எப்போது ஆள் தேவை: காற்றின் வேகம் இரட்டிப்பானால் வலை மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்கு. ஆள் உயரத்துக்கு மேல் வலைச்சட்டம் போடுவதானால் கம்பி வேலை தெரிந்தவர்தான் நிறுத்த வேண்டும். மண் கலந்த 20 லிட்டர் தொட்டி நனைந்தால் 25 முதல் 30 கிலோ வரும். மாடியில் இருபது முப்பது தொட்டி ஒரே இடத்தில் சேர்ந்தாலோ, கீழ்வீட்டுக் கூரையில் ஈரத்திட்டு, விரிசல், தொய்வு தெரிந்தாலோ, தொட்டிகளைத் தூண், சுவர் ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: விதை முளைக்கவில்லை, முளைத்த கீரை உடனே பூக்கிறது

மேல் ஒரு செ.மீ. மண் பகலில் இரண்டு முறை காய்ந்தால் விதை முளைத்த கையோடு சாகும். ஈரச்சாக்கு மூடி, முளை தெரிந்த அன்று மாலையே எடுத்துவிடுங்கள். கொத்தமல்லி, பாலக், முள்ளங்கி கடும் வெயிலில் சீக்கிரம் பூத்துவிடும், தண்ணீரால் தடுக்க முடியாது. அந்தப் பருவத்துக்கு முளைக்கீரை, தண்டுக்கீரை, பசலை போடுங்கள்.

## அறிகுறி: சொட்டுநீர் ஓடுகிறது, ஒரு சில தொட்டி மட்டும் காய்கிறது

காயும் தொட்டியின் டிரிப்பரை (தண்ணீர் சொட்டும் முனை) அளவுக் கோப்பைக்குள் 15 நிமிடம் விடுங்கள். மணிக்கு 2 லிட்டர் டிரிப்பர் என்றால் 500 மி.லி. வர வேண்டும். 350-க்குக் கீழ் என்றால் கழற்றி, வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து ஊதுங்கள். அளவு சரியாக இருந்தும் காய்ந்தால், காற்று டிரிப்பரை நகர்த்தி ஒரே மூலையில் சொட்டவைக்கிறது. கொக்கி போட்டு நடுவில் நிறுத்துங்கள், 20 லிட்டருக்கு மேலான தொட்டிக்கு எதிரெதிராக இரண்டு. குழாயின் கடைசியில் உள்ளவை மட்டும் காய்ந்தால் முதலில் வடிகட்டியைக் கழுவி, குழாய் நுனியைத் திறந்து அழுக்கை வெளியேற்றுங்கள். மோட்டாரிலோ ஈரக் குழாயிலோ லேசாக விறுவிறுத்தாலும் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் வரும்வரை கையாலேயே ஊற்றுங்கள்.